திரை எத்தனை? அளவு என்ன?

15 வயது நிறைந்தவர்கள் ஆதார் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை அறிவீர்கள். விரல்ரேகை, கருவிழி, புகைப்படம் மூன்றையும் மீண்டும் பதிவு செய்யவேண்டிய வயது அது. அதற்காகப் பதிவு மையத்திற்குச் சென்றவர்கள் அங்கிருந்த மேசையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பதிவு செய்பவர் பார்ப்பதற்கு ஒரு திரை இருந்திருக்கும். உங்களை நோக்கித் திரும்பியபடி இன்னொரு திரையும் இருந்திருக்கும். விண்ணப்பிப்பவர் பார்க்கும்படி தனியே ஒரு திரை வைக்கவேண்டும் என்பது ஆதார் ஆணையம் பதிவு மையங்களுக்கு விதித்துள்ள விதி.

இரண்டாவது திரை எதற்கு? பெயரைச் சரிபார்க்கத்தான். ஆங்கிலத்தில் தட்டிய பெயரைக் கணிப்பொறி தமிழில் எழுதும்போது ழகரமும் ளகரமும் லகரமும் குழம்பிவிடக் கூடும். ‘கயல்விழி’ என்பவர் ‘கயல்விலி’ ஆகிவிட்டால், பின்னர் மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கல்வி உதவித்தொகை என்று ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பிழை கயல்விழியைத் தொடரும். இரண்டாவது திரையில் பார்த்து, “இது தவறு, திருத்துங்கள்” என்று அவர் அப்போதே சொல்லிவிட்டால் தொல்லை அத்துடன் தீர்ந்தது.

ரயில் முன்பதிவுக் கவுண்டர்களிலும் பெரிய கடைகளின் பில் மேசைகளிலும் இப்படி இரண்டு திரைகளைக் காணலாம். எல்லா இடத்திலும் கணிப்பொறி ஒன்றுதான், திரைகள் இரண்டு. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? தன்னோடு எத்தனை திரைகள் இணைக்கப்பட்டுள்ளன என்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? எந்தத் திரை எவ்வளவு பெரியது, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதை ஒரு நிரல் எப்படி அறியும்? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

புள்ளிகளின் கணக்கு

கணிப்பொறித் திரையை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், அது நுண்ணிய புள்ளிகளால் ஆனது என்பது தெரியும். கோலத்தில் புள்ளிகளை வரிசை வரிசையாக வைப்பது போலவே திரையிலும் புள்ளிகள் கிடையாகவும் நெடுக்காகவும் அமைந்துள்ளன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ‘பிக்சல்’. ஒரு வரிசையில் எத்தனை பிக்சல்கள், மொத்தம் எத்தனை வரிசைகள் என்ற கணக்கையே திரையின் ‘ரெசல்யூஷன்’ என்கிறார்கள். நாம் அதைப் ‘பிரிதிறன்’ என்போம்.

மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றின் பிரிதிறன் 1366×768. அலுவலக மேசைகளில் இன்று பரவலாக உள்ள திரைகளுக்கு 1920×1080. வகுப்பறைப் புரொஜக்டர்களில் பல 1024×768 கொண்டவை.

பிரிதிறன் வேறு, திரையின் பரப்பு வேறு என்பதை மறக்கக் கூடாது. சுவர் முழுவதும் படம் காட்டும் புரொஜக்டரைவிட உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியில் புள்ளிகள் அதிகம் இருக்கலாம். படத்தைப் பெரிதாக்குவதால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொரு புள்ளியும்தான் பெரிதாகிறது.

இனி ஒரு சிக்கலைப் பாருங்கள். ஒருவர் 1920×1080 திரையில் அமர்ந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கிறார். ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை 1000-ஆவது வரிசையில் வைக்கிறார். அவர் கண்ணுக்கு அது அழகாகத் தெரிகிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மாணவி அதே படிவத்தை 1366×768 திரையில் திறக்கிறாள். அவள் திரையில் இருப்பதோ 768 வரிசைகள். கீழே உள்ள 312 வரிசைகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. படிவத்தை நகர்த்திப் பார்க்க வழியும் வைக்கப்படவில்லை என்றால், எல்லாக் கட்டங்களையும் சரியாக நிரப்பிய பின்னும் அவளால் படிவத்தை அனுப்ப முடியாது. தவறு அவளுடையதன்று. எல்லாருடைய திரையும் தம் திரையைப் போன்றதே என்று நிரலை எழுதியவர் எண்ணிவிட்டார். நிரல் முதலில் திரையின் அளவைக் கேட்டிருக்க வேண்டும்.

திரை தரும் அறிமுகச் சீட்டு

கேட்டால் பதில் சொல்வது யார்? திரையேதான்!

ஒவ்வொரு கணிப்பொறித் திரையினுள்ளும் ஒரு சிறிய நினைவகம் உண்டு. திரை தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய செய்திகள் அதில் எழுதப்பட்டிருக்கும். இந்த அறிமுகச் சீட்டின் பெயர் இ.டி.ஐ.டி. ‘வெசா’ என்னும் தரநிர்ணய அமைப்பு இதை 1994-இல் வகுத்தது. அதற்கு முன் பெரும்பாலும் மனிதரே திரையின் அளவைக் கணிப்பொறிக்குச் சொல்லவேண்டியிருந்தது. தவறான அளவைச் சொன்னால் படம் ஓடும், சுருளும், அல்லது தெரியாமலே போகும்.

அறிமுகச் சீட்டின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் கொண்டது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கலாம். முதல் எட்டு பைட்டுகள் எல்லாத் திரைகளிலும் ஒன்றுதான்: 0, அடுத்து ஆறு முறை 255, பிறகு மீண்டும் 0. “இது அறிமுகச் சீட்டின் தொடக்கம்” என்பதற்கான அடையாளம் அது. அதன்பின் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, தயாரிப்பு எண், செய்த ஆண்டு, திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில், ஏற்ற பிரிதிறன் ஆகியவை வருகின்றன.

ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாதே, 1366 என்ற எண்ணை எப்படி எழுதுவது? எண்ணை 256-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனியே எழுதிவிடுகிறார்கள். 1366 = 5×256 + 86. ஆகவே 5, 86 என்ற இரண்டு எண்கள் போதும். 768 = 3×256 + 0. ஆகவே 3, 0. கணிப்பொறி இவற்றைப் படித்து மறுபடியும் பெருக்கிக் கூட்டிக்கொள்கிறது.

படிக்கும்போது வழியில் ஏதேனும் ஓர் எண் கெட்டுப்போனால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. 128 எண்களையும் கூட்டினால் வரும் தொகை 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இதற்காகவே கடைசி எண்ணைத் தேர்ந்து வைக்கிறார்கள். முதல் 127 எண்களின் கூட்டுத்தொகை 3,000 என்று கொள்வோம். 256-ஆல் வகுத்தால் மீதி 184. ஆகவே கடைசி எண் 72. இப்போது மொத்தம் 3,072. இது 256-இன் 12 மடங்கு. தொகை வகுபடவில்லை என்றால் சீட்டில் பிழை உண்டு என்று கணிப்பொறி அறிந்துகொள்ளும்.

இந்தச் செய்தி வருவதற்குத் தனிக் கம்பிகள் உள்ளன. பழைய வி.ஜி.ஏ. வடத்தில் 12-ஆம், 15-ஆம் ஊசிகளும், எச்.டி.எம்.ஐ. வடத்தில் 15-ஆம், 16-ஆம் ஊசிகளும் இதற்கானவை. எச்.டி.எம்.ஐ. வடத்தின் 19-ஆம் ஊசிக்கு இன்னொரு வேலை. திரையைச் செருகியவுடன், “நான் வந்துவிட்டேன்” என்று தெரிவிப்பது அதுதான்.

வகுப்பறைப் புரொஜக்டரை மடிக்கணினியோடு இணைக்கும்போது சில சமயம் படம் மங்கலாகவோ பொருந்தாத வடிவிலோ தெரியும். வி.ஜி.ஏ. வடத்தில் படம் செல்லும் கம்பிகள் நன்றாக இருந்து, அறிமுகச் சீட்டு வரும் கம்பி மட்டும் அறுந்திருந்தால் இப்படி நேரும். திரை யாரென்று தெரியாத கணிப்பொறி, 1024×768 போன்ற ஒரு பொதுவான அளவை வைத்துக்கொண்டு படம் அனுப்புகிறது. அப்போது வடத்தை மாற்றிப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

நெல்லையும் பாளையும்

திரைகளிடமிருந்து வந்த சீட்டுகளை இயங்குதளம் வாங்கித் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்கிறது. நிரல்கள் திரையிடம் நேரே பேச வேண்டியதில்லை. இயங்குதளத்தைக் கேட்டால் போதும். விண்டோஸில் இதற்கு ‘எனம் டிஸ்ப்ளே மானிட்டர்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. லினக்ஸில் ‘எக்ஸ் ராண்டர்’ என்ற கருவி பயன்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளைச் சேர்த்து ஒரே பரப்பாகப் பயன்படுத்தும் வசதி, ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் 2 கணிப்பொறியில் 1987-இல் வந்தது. நெல்லை கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். விண்டோஸ் 98 ஒன்பது திரைகள் வரை ஏற்றுக்கொண்டது.

நிரல் கேட்டவுடன் இயங்குதளம் ஒவ்வொரு திரைக்கும் நான்கு எண்களைத் தருகிறது: இட விளிம்பு, மேல் விளிம்பு, வல விளிம்பு, கீழ் விளிம்பு. இவை ஆயத்தொலைவுகள். நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஆயத்தொலை வடிவியல் இங்கே அப்படியே பயன்படுகிறது. ஒரே ஒரு வேறுபாடு: கணிப்பொறித் திரையில் நெடுக்கு அளவு மேலிருந்து கீழ்நோக்கிக் கூடும்.

முதன்மைத் திரையின் மேல் இடது மூலையே ஆதிப்புள்ளி. மற்றத் திரைகள் எங்கே உள்ளன என்பது அங்கிருந்தே கணக்கிடப்படும். இதைப் புரிந்துகொள்ள நம் இரட்டை நகரங்களை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக்குக் கிழக்கே பாளையங்கோட்டை, மேற்கே திருநெல்வேலி. நடுவே 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம். பாளையங்கோட்டையின் மேற்கு எல்லையை ஆதிப்புள்ளியாக வைத்து, கிழக்கு நோக்கிய தொலைவை மிகை எண் என்று கொண்டால், நெல்லையப்பர் கோயில் எந்த எண்ணில் அமையும்? குறை எண்ணில்தான் அல்லவா? கோயில் இல்லாமல் போய்விட்டது என்றா அதற்குப் பொருள்? இல்லை, அது மறுபக்கம் இருக்கிறது என்றே பொருள்.

திரைகளும் அவ்வாறே. 1920×1080 திரையை முதன்மையாக வைத்து, அதன் இடப்பக்கம் 1366×768 திரையை வைத்தால், இரண்டாவது திரையின் இட விளிம்பு −1366, வல விளிம்பு 0. “ஆயத்தொலைவு குறை எண்ணாக இருந்தால் அது பிழை” என்று எண்ணி எழுதப்பட்ட நிரல், நல்ல நிலையில் உள்ள இடப்பக்கத் திரையைக் காணாமலே விட்டுவிடும்.

ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். சுட்டி அம்பு ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவும் பாலம் வேண்டும். திரைகளின் விளிம்புகள் எங்கே ஒட்டுகின்றனவோ அதுவே பாலம். மேற்கண்ட இரு திரைகளின் மேல் விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருந்தால், 768 வரிசைகள் வரைதான் பாலம் உண்டு. அதற்குக் கீழே அம்பு விளிம்பில் முட்டி நிற்கும். சில புதிய இயங்குதளங்கள் அம்பைத் தாமாகவே சற்று மேலே தள்ளிப் பாலத்தில் ஏற்றிவிடுவதும் உண்டு.

எங்கும் இல்லாத இடம்

இரு திரைகளையும் சேர்த்து ஒரு பெரிய செவ்வகம் வரைந்தால் அதன் அகலம் 1366 + 1920 = 3286. உயரம் 1080. பரப்பு 35,48,880 புள்ளிகள். ஆனால் உண்மையான புள்ளிகள் எத்தனை? முதல் திரையில் 20,73,600. இரண்டாவதில் 10,49,088. ஆக மொத்தம் 31,22,688. மீதி 4,26,192 புள்ளிகள் எங்கே? எங்கும் இல்லை! சிறிய திரைக்குக் கீழே 1366 அகலமும் 312 உயரமும் கொண்ட ஒரு வெற்றிடம் அது. கணக்கில் உண்டு, கண்ணில் இல்லை.

இந்த வெற்றிடத்தில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதை யாரும் பார்க்க முடியாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்; திரையில் ஒன்றும் தெரியாது. இன்னொரு விதமாகவும் இது நேரும். நேற்று இரண்டாவது திரையில், −1000 என்ற இடத்தில் ஒரு பெட்டி திறந்திருந்தது. நிரல் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டது. இன்று அந்தத் திரையைக் கழற்றிவிட்டார்கள். நிரல் பழைய நினைவிலேயே −1000-இல் பெட்டியைத் திறக்கிறது. பயன்படுத்துபவர், “கணிப்பொறி கெட்டுவிட்டது” என்கிறார். கெட்டது கணிப்பொறியன்று, நிரல் மறுபடி கேட்க மறந்துவிட்டது.

நகலா, நீட்டிப்பா?

இரண்டு திரைகளை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று நகல் முறை. இரு திரைகளிலும் ஒரே படம். மற்றொன்று நீட்டிப்பு முறை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு படம். வகுப்பில் ஆசிரியர் பாடம் காட்ட நகல் முறை போதும். ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் மேசையில் நகல் முறை வைத்தால், பணியாளர் அடுத்தவருடைய விவரங்களைத் திறக்கும்போது அவையும் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அங்கே நீட்டிப்பு முறையே ஏற்றது. அவரவர் விவரம் மட்டும் அவரவர் முன் தெரியும்படி செய்யலாம்.

நகல் முறையில் இருக்கும்போது, மேலே சொன்ன விண்டோஸ் கட்டளையைக் கேட்டால் திரை ஒன்று என்றே விடை வரும். மேசைமேல் இரண்டு இருந்தாலும், படம் வரையும் பரப்பு ஒன்றுதானே!

இத்தகைய மேசைக்கு நீங்கள் ஒரு நிரல் எழுதுவதானால் படிகள் இவ்வாறு அமையும்:

1. திரைகளின் பட்டியலை இயங்குதளத்திடம் கேள்.
2. எண்ணிக்கை ஒன்றுதான் என்றால், “எதிர்ப்புறத் திரை இணைக்கப்படவில்லை அல்லது நகல் முறையில் உள்ளது” என்று பணியாளருக்குச் சொல்.
3. இரண்டு என்றால், முதன்மை அல்லாத திரையைத் தேர்ந்தெடு. அதன் நான்கு விளிம்புகளையும் குறித்துக்கொள்.
4. வல விளிம்பிலிருந்து இட விளிம்பைக் கழி, அகலம் கிடைக்கும். கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பைக் கழி; உயரம் கிடைக்கும்.
5. அந்த அளவுக்குள் எழுத்துகள் அடங்குமாறு விவரப் பெட்டியை அங்கே திற.
6. “திரை அமைப்பு மாறியது” என்று இயங்குதளம் அறிவித்தால், முதல் படிக்குத் திரும்பு.

இந்த ஆறில் பலரும் விட்டுவிடுவது ஆறாவது படியைத்தான். ஒருமுறை கேட்டால் போதாது. மாறும்போதெல்லாம் கேட்க வேண்டும்.

சொல்லும் அளவு உண்மை அளவா?

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சிறிய பரப்பில் நிறையப் புள்ளிகள் கொண்ட திரையில் எழுத்துகள் கடுகு போல் தெரியும். ஆகவே இயங்குதளம் எல்லாவற்றையும் 125 விழுக்காடு பெரிதாக்கிக் காட்டலாம். அப்போது பழைய முறையில் எழுதப்பட்ட நிரல் ஒன்று அளவைக் கேட்டால், 1920×1080 திரைக்கு 1536×864 என்று விண்டோஸ் விடை சொல்லும். 1920-ஐ 1.25-ஆல் வகுத்துப் பாருங்கள், புரியும். அந்த நிரல் குழம்பாதிருக்கச் சொல்லப்படும் அளவு இது. உண்மையான புள்ளிக் கணக்கு வேண்டுமானால், “பெரிதாக்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று நிரல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

வலைப்பக்கங்களுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். குரோம் உலாவியில் ஒரு வலைப்பக்கம் மற்றத் திரைகளின் விவரங்களைக் கேட்டால், உலாவி உங்களிடம் அனுமதி பெற்ற பிறகே தரும். திரைகளின் எண்ணிக்கையும் அளவும் ஒருவரை அடையாளம் காண உதவும் துப்புகள் ஆகலாம் என்பதே காரணம்.

செய்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் ஆசிரியர் அனுமதியுடன் இதைச் செய்யலாம். மடிக்கணினி ஒன்றின் ‘டிஸ்ப்ளே’ அமைப்புப் பக்கத்தைத் திறந்து பிரிதிறனையும் பெரிதாக்கும் விழுக்காட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புரொஜக்டரை இணையுங்கள். பக்கத்தில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தோன்றும். இரண்டாம் கட்டத்தை முதல் கட்டத்தின் இடப்புறம், வலப்புறம், மேற்புறம் என்று மாற்றி மாற்றி வைத்து, சுட்டி அம்பு எந்த விளிம்பில் கடக்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பாருங்கள். பின்னர் வரைபடத் தாளில் இரு செவ்வகங்களையும் அளவாக வரைந்து, நான்கு விளிம்புகளின் ஆயத்தொலைவுகளை எழுதி, வெற்றிடத்தின் பரப்பைக் கணக்கிடுங்கள்.

நிரல்கள் எல்லாம் எங்கோ தொலைதூர நாடுகளில்தான் எழுதப்படுகின்றன என்று எண்ண வேண்டாம். சிவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் பகுதியில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. பல நாடுகளில் பயன்படும் ‘ஸோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருள் தென்காசியில் உருவானதுதான். நாளை உங்களில் சிலரும் இத்தகைய வேலையில் அமரலாம். அப்போது உங்கள் மேசைமேல் பெரிய திரைகள் இரண்டோ மூன்றோ இருக்கும். நீங்கள் எழுதும் நிரலைப் பயன்படுத்துபவரிடம் ஒரே ஒரு சிறிய திரைதான் இருக்கக் கூடும். அவர் திரையின் அளவை ஊகிக்காமல், கேட்டு அறிந்து எழுதுங்கள்.